குளிருக்கு ஏறும் லொறிக்கு ஹீற்றர் பிளக்: கடையில் கிடைக்கும் மூன்று வகை, எதை வாங்கலாம்

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ உதிரிப்பாகக் கடையில் போய் "கன்டருக்கு ஹீற்றர் பிளக் நாலு" என்று கேட்டால் மூன்று வகைச் சாமான் மேசைக்கு வரும். கன்டர் என்பது மிட்சுபிஷி சிறு லொறி. ஹீற்றர் பிளக் என்பது டீசல் எஞ்சின் குளிரில் பிடிப்பதற்காக, ஸ்டார்ட் பண்ண முதல் உள்ளே சூடேற்றும் சின்ன மின்சார ஹீற்றர். பெட்டியோடு வரும் ஜப்பான் பிளக். பெயர் ஊர் இல்லாமல் பொலித்தீன் பையில் வரும் மலிவுப் பிளக். கழற்றிய எஞ்சினில் இருந்து எடுத்துத் துடைத்து வைத்த றிகண்டிஷன் பிளக். பார்வைக்கு மூன்றும் ஒன்றுதான், விலையில்தான் பெரிய இடைவெளி. மாங்குளம், மல்லாவி, முல்லைத்தீவு என்று வன்னிக்குள்ளேயே ஓடும் லொறிக்கு இந்த மூன்றில் எதைப் போட்டாலும் வித்தியாசம் தெரியாது. போடாமல் விட்டாலும் தெரியாது. தை, மாசியில் அரிசியும் கருவாடும் ஏற்றிக்கொண்டு நுவரெலியா, கெப்பெட்டிபொல பக்கம் ஏறி, அங்கே ஒரு இரவு படுத்து, விடிய மரக்கறியோடு இறங்கும் லொறிக்குத்தான் தெரியும். இது அந்த லொறிகளுக்காக எழுதுவது.

முடிவை முதலே சொல்லிவிடலாம். பெட்டியோடு வரும் ஜப்பான் பிளக்கை நாலும் ஒன்றாக வாங்குங்கள். பொலித்தீன் பையில் வரும் பிளக் என்ன விலைக்குத் தந்தாலும் வேண்டாம். றிகண்டிஷன் பிளக்கைக் கடைக்காரர் கண்முன்னே எரித்துக் காட்டினால் மட்டும் அவசரத்துக்கு எடுக்கலாம். அதே மேசையில் சேர்த்து விற்கும் ஸ்டார்ட் ஸ்பிரேயைத் தொடவே வேண்டாம். இரவு முழுக்க எஞ்சினை ஓட விட்டுப் படுக்கிற பழக்கத்தை நாலு நல்ல பிளக்கும் ஒரு நல்ல பற்றரிச் சோடியும் சேர்ந்து நிறுத்திவிடும். பிளக்கின் விலையை அந்த டீசல் செலவோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை அமுக்குவதால் எழும் சூடுதான் டீசலைப் பற்ற வைக்கிறது. நல்ல எஞ்சினில் அது 500 பாகை செல்சியசைத் தாண்டும். நுவரெலியா நகரம் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி விடியப்புறங்களில் அங்கே வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்குவது வழமை, புல்லில் உறைபனி படிகிற நாட்களும் உண்டு. குளிர் மட்டும் என்றால் பரவாயில்லை. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நாலு பங்குதான். ஆகவே பிஸ்டன் மேலே வந்து முடிக்கும்போது கிடைக்கும் அமுக்கமும் அந்த அளவுக்குக் குறைகிறது. இதோடு ஒயில் தடிக்கிறது, பற்றரி சோர்கிறது, ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றுகிறது. மெதுவாகச் சுற்றினால் அமுங்கிய காற்று பிஸ்டன் றிங் இடுக்கால் கசிவதற்கும், சூடு சிலிண்டர் சுவரில் இறங்கிப் போவதற்கும் நேரம் கிடைத்துவிடும். புது எஞ்சின் இதையெல்லாம் தாங்கும். வன்னியில் ஓடுகிற, றிங் தேய்ந்த பழைய கன்டரும் எல்ஃப் லொறியும் தாங்காது.

வன்னி லொறிகளுக்கு இன்னொரு கதை இருக்கிறது. நேரடியாக சிலிண்டருக்குள் டீசல் அடிக்கும் எஞ்சின்கள், கன்டரின் 4டி33 மாதிரியானவை, எங்கள் ஊர்ச் சூட்டில் ஹீற்றர் பிளக் இல்லாமலே முதல் சுற்றில் பிடித்துவிடும். அதனால் பிளக் செத்தாலும் யாருக்கும் தெரிவதில்லை. ஒன்று சாகும், அடுத்தது சாகும், நாலும் செத்த பிறகும் டாஷ்போர்டில் ஹீற்றர் லைட் வழமை போல எரிந்து அணையும். அந்த லைட்டை நம்பவே கூடாது. ஹீற்றர் நேரத்தைக் கணக்கிடும் டைமர் வேலை செய்வதைத்தான் அது சொல்கிறது, பிளக் சூடாவதை அல்ல. சில லொறிகளில் பிளக்குக்கு மின்சாரம் விடும் ரிலே சுவிட்ச் ஒட்டிப்போய் பற்றரி இறங்கிய காலத்தில் யாரோ ஹீற்றர் வயரையே கழற்றி டேப் சுற்றி விட்டிருப்பார்கள். புது பிளக் வாங்க முதல் அந்த வயரைத் தேடிப் பாருங்கள்.

பழைய டொயோட்டா ஹைஏஸின் 2எல், 3எல், 5எல் போன்ற, டீசலை முதலில் ஒரு சின்ன முன்னறைக்குள் அடிக்கும் எஞ்சின்கள் வேறு சாதி. அவற்றுக்குப் பரந்தனில் மாரி காலக் காலையிலும் ஹீற்றர் வேண்டும். பிளக் செத்தால் அடுத்த நாளே காட்டிக்கொடுக்கும். மறுபக்கம், பெரிய டாட்டா, லேலண்ட் லொறிகள் பலவற்றில் ஹீற்றர் பிளக்கே கிடையாது. அந்த லொறிக்காரர்கள் பற்றரி, ஒயில் பற்றிய பகுதியை மட்டும் படித்தால் போதும்.

இனி பிளக்குக்கு வருவோம். நல்ல பிளக்கின் உலோக விரலுக்குள் இரண்டு சுருள் தொடராக இருக்கும். நுனியில் உள்ளது சூடாக்கும் சுருள். பின்னால் உள்ளது கட்டுப்படுத்தும் சுருள். சூடு ஏற ஏற அதன் தடை கூடி மின்னோட்டத்தைத் தானே குறைக்கும். அதனால் சில செக்கனில் நுனி சிவக்கும், எஞ்சின் பிடித்த பிறகும் கொஞ்ச நேரம் எரிந்து வெள்ளைப் புகையை அடக்கும், கருகாது. பையில் வரும் பிளக்குகளில் பல ஒற்றைச் சுருள். அதை, ஹீற்றரைச் சில செக்கனில் முடித்துவிடும் வேக டைமர் உள்ள லொறியில் போட்டால், டைமர் கொடுக்கும் சில செக்கனுக்குள் அது அரைச் சூட்டைக் கூட எட்டாது. லைட் அணைந்ததும் திறப்பைத் திருப்பினால் வெறும் வெள்ளைப் புகைதான். சரி, இரண்டு மூன்று தரம் ஹீற்றர் கொடுத்துப் பார்ப்போம் என்று தொடர்ந்து கொடுத்தால், தன்னைத் தானே அடக்கத் தெரியாத அந்தச் சுருள் எரிந்து போகும். சிலவேளை விரலின் நுனி வீங்கிவிடும். வீங்கிய பிளக்கைத் தலையில் இருந்து முழுதாகக் கழற்ற முடியாது. நுனி உடைந்து சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டனும் வால்வும் போச்சு. பிளக்கில் மிச்சம் பிடித்த காசு ஹெட் கழற்றுகிற கூலிக்கே காணாது.

இதைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். பிளக்கின் அறுகோணப் பகுதியை வைஸில் பிடியுங்கள், விரல் வெளியே நீட்டி நிற்கட்டும். 24 வோல்ட் பிளக் என்றால் இரண்டு பற்றரியைத் தொடராக இணைத்து, எதிர் முனையை வைஸுக்கு, நேர் முனையை 30 அம்பியர் பியூஸ் வழியாகப் பிளக்கின் தலைக்குக் கொடுங்கள். விரலைப் பாருங்கள். நல்ல பிளக்கில் நுனி முதலில் மங்கலான சிவப்பாகும், பிறகு அந்தச் சிவப்பு பின்னால் ஏறி ஆரஞ்சாகும். நடுப்பகுதி முதலில் சிவந்தாலோ, நுனி கறுப்பாகவே நின்றாலோ, உள்ளே சுருள் தவறான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். திருப்பிக் கொடுங்கள். 10 செக்கனுக்கு மேல் விட வேண்டாம், எரிந்த பிளக்கைக் கையால் தொடவும் வேண்டாம். கையில் டீசி அளக்கும் கிளாம்ப் மீற்றர் இருந்தால் வயரைச் சுற்றிப் போட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் உயர்ந்து நின்ற அம்பியர் சில செக்கனில் நன்றாக இறங்கினால் இரட்டைச் சுருள். ஒரே இடத்தில் நின்றால் ஒற்றைச் சுருள். நாலு பிளக்கும் ஒன்றுக்கொன்று கிட்டவான அளவு காட்ட வேண்டும், நாலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சிவக்க வேண்டும். ஒன்று மட்டும் பிந்தினால் அந்த சிலிண்டர் குளிரில் தனியே இருமிக்கொண்டு நிற்கும்.

பற்றரி வைத்து எரித்துக் காட்ட மாட்டேன் என்று சொல்கிற கடையில், குறைந்தது மல்டிமீற்றரால் தடையாவது பார்க்க விடச் சொல்லுங்கள். மீற்றரின் இரண்டு ஊசியையும் ஒன்றோடொன்று தொட்டு வருகிற அளவை முதலில் கழித்துவிட வேண்டும். 12 வோல்ட் பிளக் 1 ஓமுக்குக் கிட்டவாகவும், 24 வோல்ட் பிளக் அதைவிடக் கூடச் சில ஓமும் காட்டும். எல்லையில்லை என்று காட்டினால் சுருள் அறுந்தது. தடை சரி என்பதால் மட்டும் பிளக் நல்லது என்று ஆகிவிடாது, எங்கே சூடாகிறது என்பதை மீற்றர் சொல்லாது. எரித்துப் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

ஜப்பான் பெயர்களில் எச்கேரி, என்ஜிகே இரண்டும் இந்தச் சோதனையில் கேட்டது போல நடக்கிற சாமான்கள். ஆனால் பெயர் அச்சடித்த போலிப் பெட்டியும் சந்தையில் இருக்கும், ஆகவே பெட்டியைப் பார்த்து ஏமாறாமல் பிளக்கைப் பாருங்கள். அறுகோணத்தில் இலக்கமும் வோல்ட்டும் வெட்டிய எழுத்தில், விளிம்பு கூராக இருக்க வேண்டும். மையால் அடித்து நகத்தால் சுரண்ட வருகிற எழுத்து என்றால் விடுங்கள். இன்னொன்று, லொறி 24 வோல்ட் என்பதால் "24 வோல்ட் பிளக்" என்று பொதுவாகக் கேட்க வேண்டாம். வேக ஹீற்றர் வைத்த சில எஞ்சின்களின் பிளக்கில் 24க்குக் குறைந்த வோல்ட்தான் எழுதியிருக்கும், அதுதான் அந்த டைமருக்குச் சரி. பழைய பிளக்கில் ஒன்றைக் கழற்றிக் கையில் கொண்டு போய், இலக்கத்தை ஒப்பிட்டு, விரலின் நீளம், மரையின் தடிப்பு, மரையின் நெருக்கம் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குவதே முறை. விரல் ஒரு சில மில்லிமீற்றர் நீண்டாலும் டீசல் தூறலின் வழியில் நின்று கருகும், குட்டையானால் சூடு போய்ச் சேராது. 12 வோல்ட் பிளக்கை 24 வோல்ட் லொறியில் போட்டால் முதல் திறப்பிலேயே கதை முடிந்தது.

கழற்றும்போதுதான் கைதேர்ந்தவரும் தடுமாறுகிற இடம். வருடக்கணக்காக அசையாமல் இருந்த பிளக் மரையில் கரியோடு இறுகியிருக்கும். எஞ்சினைச் சூடாக்கி, அடியில் ஊடுருவும் எண்ணெய் அடித்து, ஒரு இரவு விட்டு, மறுபடி சூடாக்கித்தான் கை வைக்க வேண்டும். முதலில் மேலே இணைக்கிற பஸ்பார் தகட்டைக் கழற்றி, கால் சுற்று அவிழ்த்து, திரும்ப இறுக்கி, மறுபடி அவிழ்த்து என்று கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். நீட்டுக் குழாய் போட்டு இழுத்தால் பிளக் நடுவில் முறியும். துளையில் கரி கட்டியிருந்தால் புதுப் பிளக் முழுதாக இறங்காது. அதற்கான ரீமரில் (துளையைச் சுரண்டும் கருவி) கிறீஸ் பூசிச் சுற்றினால் கரி கிறீஸில் ஒட்டி வெளியே வரும். துளையை வடிவாகத் துடைத்து, மரையில் மட்டும் மிகச் சிறிது செப்புக் கிறீஸ் தடவி, முதல் கையாலேயே இறுக்க வேண்டும். 10 மில்லிமீற்றர் மரை என்றால் சுமார் 15 நியூட்டன் மீற்றர், 12 மில்லிமீற்றர் என்றால் சுமார் 20. தகட்டின் நட்டு சின்னது, அதற்கு விரல் பலமே போதும். அதை ஓங்கி இறுக்கினால் பிளக்கின் தலை உள்ளே சுற்றி, புதுப் பிளக் பூட்டிய கையோடு செத்துவிடும்.

பூட்டியதும் டெஸ்ட் லாம்பின் கிளிப்பை நல்ல எர்த்தில் பிடித்து, அதன் கூர் முனையை பஸ்பாரில் வைத்து, திறப்பை ஹீற்றருக்குத் திருப்பச் சொல்லுங்கள். லாம்ப் எரிய வேண்டும், கொஞ்ச நேரத்தில் ரிலே "டக்" என்று விட்டு லாம்ப் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பெரிய பியூஸ், ரிலே, டைமர், நீர்ச்சூட்டு உணரி என்ற வரிசையில் தேடுங்கள். உணரி கெட்டு "எஞ்சின் சூடாகத்தான் இருக்கிறது" என்று டைமருக்குப் பொய் சொன்னால், பிளக் நாலும் புதிதாக இருந்தும் மின்சாரம் வராது. சூடான வன்னியில் எஞ்சினைச் சோதித்துவிட்டு ரிலே அடிக்கவில்லை என்று பதறவும் வேண்டாம். உணரியின் இணைப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் பெரும்பாலான லொறிகளில் டைமர் குளிர் என்று எண்ணி அடிக்கும்.

பிளக் சரியான பிறகும் பிடிக்கவில்லை என்றால் புகையைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது வெள்ளைப் புகை தாராளமாக வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. சூடு போதாது, சுற்றும் வேகம் போதாது, அல்லது அமுக்கம் தேய்ந்தது. புகையே இல்லை என்றால் டீசலே போகவில்லை. எஞ்சின் நிறுத்தும் சொலினொயிட், பில்டரில் தண்ணீர், குழாயில் காற்று என்று தேட வேண்டும். இரவு நின்றபோது டீசல் டாங்கிக்குத் திரும்பி இறங்கிவிட்டால் காலையில் கைப்பம்பை பல தரம் அமுக்கினால்தான் இறுகும். அப்படி என்றால் செப்பு வாஷர் அல்லது வெடித்த ஹோஸ் ஒன்று காற்றை இழுக்கிறது. ஹீற்றரில் குற்றமில்லை.

பற்றரியைப் பற்றி விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் நல்ல பிளக்கை வாங்கிவிட்டு "பிளக் சரியில்லை" என்று திட்டுகிறவர்கள் பலரின் உண்மையான நோய் இங்கேதான். ஈயப் பற்றரி உறைநிலைக்குக் கிட்டப் போனால் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழக்கும். அதற்கு முன்னமே எங்கள் ஊர் வெயில் அதன் தண்ணீரைக் குடித்து, தகட்டை அரித்து விட்டிருக்கும். வெயிலில் பாதி செத்த பற்றரியின் மீதிப் பாதியைக் குளிர் காட்டிக்கொடுக்கிறது. 24 வோல்ட் லொறியில் பாட்டுப் பெட்டி, அலங்கார லைட், தொலைபேசி சார்ஜர் எல்லாவற்றுக்கும் இரண்டு பற்றரியில் ஒன்றில் இருந்து மட்டும் 12 வோல்ட் இழுப்பது வன்னியில் மிகப் பரவலான தவறு. இழுபடுகிற பற்றரி எப்போதும் பசியாக இருக்கும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகி கொதிக்கும். இரண்டும் சேர்ந்து கெதியில் சாகும். 24இல் இருந்து 12க்கு மாற்றும் கன்வேர்டர் ஒன்று போட்டால் பிரச்சினை முடிந்தது.

சோதிப்பது எளிது. லொறி ஒரு இரவு நின்ற பிறகு, எதையும் போடாமல், ஒவ்வொரு பற்றரியையும் தனித்தனியே அளக்க வேண்டும். 12.6 என்றால் நிறைவு. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. பாதியோடு மலை ஏறாதீர்கள். இரண்டுக்கும் 0.2 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சோடி பிரிந்துவிட்டது. மாற்றினால் இரண்டையும் ஒன்றாக, ஒரே அளவில், ஒரே தயாரிப்பில் மாற்றுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது சோடியின் வோல்ட் 19க்குக் கீழே போகக்கூடாது. போகாமலே ஸ்டார்ட்டர் மந்தமாகச் சுற்றினால் கேபிளைப் பாருங்கள். மீற்றரின் ஒரு ஊசியைப் பற்றரியின் எதிர்த் தலையிலும் மற்றதை எஞ்சின் உடலிலும் வைத்துச் சுற்றச் சொன்னால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. காட்டினால் எர்த் கேபிளின் முனை உள்ளே பச்சை பிடித்திருக்கிறது. இந்த ஒரு கேபிளை மாற்றியே பல "குளிர் நோய்" தீர்ந்துவிடும்.

ஒயில்: சூட்டுக்கு நல்லது என்று 40ஆம் இலக்க ஒற்றைத் தர ஒயிலோ 20டபிள்யூ-50யோ ஊற்றுகிறவர்கள், மலைக்குப் போகும் லொறிக்கு 15டபிள்யூ-40க்கு மாறுங்கள். வன்னி வெயிலிலும் அது தாராளமாகத் தாங்கும்.

ஸ்டார்ட் ஸ்பிரே ஏன் வேண்டாம் என்றால், அதில் இருப்பது ஈதர். டீசலைவிடக் குறைந்த சூட்டில் தானாகத் தீப்பிடிக்கும். சிவந்து நிற்கிற ஹீற்றர் பிளக் உள்ள எஞ்சினில் அதை அடித்தால், பிஸ்டன் மேலே வருமுன்னரே வெடித்துவிடும். றிங் உடையும், பிஸ்டனில் வெடிப்பு விழும், சிலவேளை உள்ளிழுக்கும் குழாய்க்குள்ளேயே தீ எரியும். ஒரு தரம் அடித்துப் பிடித்த எஞ்சின் அடுத்த நாளும் அதையே கேட்கும் என்று சாரதிமார் சொல்வது உண்மைதான், ஏனென்றால் ஒவ்வொரு அடியிலும் றிங் இன்னும் கொஞ்சம் கெட்டு அமுக்கம் இறங்குகிறது. துணியில் டீசல் நனைத்துத் தீ வைத்து எயார் கிளீனர் வாயில் பிடிப்பதும் வேண்டாம். வடிகட்டிக் கடதாசி பற்றி முன் கெபினோடு போன லொறிகள் இருக்கின்றன.

இனி இரவு முழுக்க ஐட்லிங். மலையில் படுக்கும்போது "விடிய ஸ்டார்ட் வராட்டி சந்தை போச்சு" என்று பயந்து எஞ்சினை ஓட விட்டுப் படுக்கிறார்கள். பயம் நியாயமானது, தீர்வு பிழை. 4 லீற்றர் எஞ்சின் ஒன்று சும்மா நின்று ஓட மணிக்குச் சுமார் 1 லீற்றர் குடிக்கும். நம்பாவிட்டால் டாங்கியை வாய் வரை நிரப்பி, சில மணி நேரம் ஓட விட்டு, மறுபடி வாய் வரை நிரப்பி அளந்து பாருங்கள். எட்டு மணி நேரம் என்றால் 8 லீற்றர். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி வரிசையில் நின்று டீசல் அடித்தவர்களுக்கு 8 லீற்றரின் அருமையை விளக்கத் தேவையில்லை.

டீசலைவிட எஞ்சினுக்கு நடப்பதுதான் மோசம். சுமையில்லாமல் ஓடும் எஞ்சினின் அறை முழுச் சூட்டுக்கு வராது. டீசல் முழுதாக எரியாமல் இன்ஜெக்டர் நுனியிலும் றிங் பள்ளத்திலும் கரியாகக் கட்டும். மீதி சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஒயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்தால், முகர்ந்தால் டீசல் மணந்தால், இதுதான் நடந்திருக்கிறது. ஒயில் மெலிந்து பேரிங் தேயும். வன்னி லொறிகளுக்கு இது இரட்டிப்பு. வெயிலில் ரேடியேட்டர் கொதிக்கிறது என்று தேர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கழற்றி எறிந்த லொறிகள் எங்கள் பக்கம் நிறைய. தேர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் மலைக் குளிரில் இரவு முழுக்க ஓடினாலும் நீர்ச்சூட்டு முள் எழும்பாது. அதாவது இரவு முழுக்கக் குளிர்ந்த எஞ்சினையே ஓட்டித் தேய்க்கிறீர்கள். கொதிப்புக்குக் காரணம் அடைத்த ரேடியேட்டர், வழுக்கும் பெல்ட், தேய்ந்த நீர்ப்பம்பு. அவற்றைத் திருத்தி, சுமார் 82 பாகையில் திறக்கும் தேர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள்.

உயிருக்கும் ஆபத்து இருக்கிறது. சைலன்சர் இணைப்பில் ஓட்டை, கெபின் தரையில் துரு, கண்ணாடி முழுக்கப் பூட்டு, பக்கத்தில் மதில் என்று எல்லாம் சேர்ந்தால் புகை உள்ளே நிரம்பும். படுக்கிற கெபினின் எஞ்சின் இரவில் ஓடக்கூடாது. போர்வை இரண்டு கூடக் கொண்டு போங்கள்.

கனடாவில் லொறி ஓட்டும் சொந்தக்காரர் வாட்ஸ்அப்பில் "நாங்கள் இங்கே குளிருக்கு எஞ்சினை அணைப்பதே இல்லை" என்று சொல்வதைக் கேட்டுப் பலர் இந்தப் பழக்கத்தைச் சரி என்று நினைக்கிறார்கள். அந்த நாட்டில் பூச்சியத்துக்குக் கீழே 20, 30 பாகை. அங்கே டீசலில் மெழுகு கட்டிப் பில்டர் அடைக்கும், அதற்கென்று குளிர்கால டீசலே தனியாக விற்கிறார்கள். எஞ்சினுக்குள் தண்ணீரைச் சூடாக்கும் மின்சார ஹீற்றர் பூட்டி இரவில் சுவர் மின்சாரத்தில் செருகி வைக்கிறார்கள், கெபினுக்குத் தனி டீசல் ஹீற்றர் வைத்துப் பெரிய எஞ்சினை அணைக்கிறார்கள். ரொறன்ரோ மாநகரில் காரணமின்றி ஐட்லிங் விடுவதற்கு எதிராக விதியே இருக்கிறது. நுவரெலியாவின் குளிருக்கு அந்தச் சாமான் எதுவும் தேவையில்லை, நாலு பிளக் போதும்.

முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கம் மீன் ஏற்றும் குளிரூட்டி லொறிகளில் எஞ்சின் ஓடினால்தான் பெட்டி குளிரும் வகை ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு அணைக்கும்படி சொல்ல முடியாது. நிற்கும் இடத்தில் மின்சாரத்தில் செருகும் துணைக் கொம்பிரசர் உள்ள பெட்டியை அடுத்த தரம் வாங்கும்போது பாருங்கள், அதுவரை ஒயிலைப் பாதிக் கால இடைவெளியில் மாற்றுங்கள்.

மலையில் இரவு நிறுத்துவதற்கும் முறை இருக்கிறது. றம்பொடை ஏற்றம் ஏறி வந்த டர்போ எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓட விட்டு அணையுங்கள். ரேடியேட்டர் முகத்தைக் காற்று வராத பக்கம் திருப்பி, முடிந்தால் இறக்கத்தைப் பார்த்து நிறுத்தி, சில்லுக்குக் கட்டை வையுங்கள். பில்டரின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை மாலையிலேயே வடித்துவிடுங்கள், விடியக் குளிரில் விரல் மரத்த பிறகு அல்ல. எஞ்சின் ஆறியதும் முன்னுக்குத் தறப்பாள் ஒன்று போர்த்திவிட்டால் சூடு கொஞ்சம் தங்கும். ஸ்டார்ட் பண்ண முதல் அதைக் கழற்ற மறக்க வேண்டாம்.

காலையில் லைட், விசிறி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்து, கிளச்சை முழுக்க மிதித்துக்கொள்ளுங்கள். கியர்பெட்டியின் தடித்த ஒயிலைச் சுற்றும் பாரம் ஸ்டார்ட்டருக்குக் குறையும். ஹீற்றர் லைட் அணையும் வரை பொறுத்து, மேலும் சில செக்கன் விட்டுத் திருப்புங்கள். 10 செக்கனுக்கு மேல் சுற்ற வேண்டாம். பிடிக்காவிட்டால் ஒரு நிமிடம் பற்றரிக்கு மூச்சு விட்டு, ஹீற்றரை மறுபடி கொடுத்துப் பாருங்கள். பிடித்ததும் அக்சிலேட்டரை மிதித்து எஞ்சினை உறும விட வேண்டாம். ஐந்து நிமிடத்துக்குள் மெதுவாக நகர்ந்துவிடுங்கள், ஓட்டத்தில்தான் எஞ்சின் கெதியில் சூடாகும்.

பக்கத்து லொறியில் இருந்து பற்றரி கொடுப்பதென்றால் 24க்கு 24 மட்டும். 12 வோல்ட் வானை 24 வோல்ட் சோடியின் இரு முனைக்கும் கொடுத்தால் வானின் மின்கருவிகள் போகும். கடைசி எதிர்க் கிளிப்பை பற்றரியில் பிடிக்காமல் எஞ்சின் உடலில் பிடியுங்கள், பற்றரி வாயில் பொறி பறந்தால் வெடிக்கும். கடையில் தொங்கும் தடித்த சிவப்பு கறுப்பு ஜம்ப் கேபிள்களில் பல வெளியே றப்பர், உள்ளே மெல்லிய அலுமினியம். நுனியைக் கத்தியால் சுரண்டி, வெள்ளையாகத் தெரிந்தால் வாங்க வேண்டாம். வெல்டிங் கேபிள் 50 சதுர மில்லிமீற்றரில் வாங்கி கிளிப் பூட்டிக்கொள்வது மலிவும் நல்லதும்.

ஆசனத்துக்கு அடியில் வைக்க வேண்டியவை: சோதித்த ஒரு பிளக் உபரியாக, அதற்குப் பொருந்தும் ஆழமான சொக்கெட், ஹீற்றர் சுற்றின் பெரிய பியூஸ் ஒன்று, டெஸ்ட் லாம்ப், பில்டரின் செப்பு வாஷர் நாலு. றிகண்டிஷன் பிளக் கையில் இருந்தால் அதற்குச் சரியான இடம் இந்தப் பெட்டிதான்.